பேட்டிங் சராசரியும் இரண்டு தொப்பிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் பற்றி அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் பேஸ்பாலுக்கு அரைப்பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு இடங்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, ‘சிறந்த ஹிட்டர்கள்’ என்ற பட்டியல். அதை வெறும் பேட்டிங் சராசரியை வைத்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். இன்னொன்று கடைசிப் பத்தி. நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு ஆட்டம் பார்க்கப் போனால் சில நூறு டாலர் காலியாகிவிடும், ஆகவே நடுத்தரக் குடும்பங்கள் டிவியில் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று முடித்திருந்தீர்கள். பால்டிமோர் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, ஓரியோல்ஸ் அணி ஜெயித்தாலும் தோற்றாலும் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போய்வருகிற எனக்கு இந்த இரண்டையும் சும்மா விட மனசு வரவில்லை. இரண்டிலும் நடந்திருப்பது ஒன்றுதான். கைக்கு ஒரு எண் கிடைத்திருக்கிறது, அதற்குள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

சராசரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

கிரிக்கெட்டில் சராசரி என்பது எடுத்த ரன்களை அவுட்டான தடவைகளால் வகுப்பது. அதனால் ஒருவர் சராசரி 50 என்றால் நம் ஆட்களுக்கு உடனே மரியாதை வந்துவிடும், அது நியாயமும்கூட. பேஸ்பால் சராசரி வேறு. மைதானத்தில் நான்கு மூலைகளில் இருக்கும் ‘பேஸ்’களைச் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன். பந்தை அடித்து எத்தனை முறை பத்திரமாக பேஸ் சேர்ந்தார் (அதுதான் ‘ஹிட்’) என்பதை ‘அட்-பேட்’ எண்ணிக்கையால், அதாவது மட்டை பிடித்ததாகக் கணக்கில் எழுதும் தடவைகளால், வகுக்கிறார்கள். பத்துக்கு மூன்று என்றால் .300, நல்ல ஹிட்டர் என்பார்கள். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, முதல் பேஸ் வரை மட்டும் கொண்டுபோகிற சாதாரண சிங்கிளும் பந்து சுவர் தாண்டிப்போகிற ஹோம் ரன்னும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இரண்டாவது, அதைவிட மோசம்: பந்து போடும் பிட்சர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் போட்டு, பேட்டர் அவற்றைத் தொடாமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்து போகிறாரே, அந்த ‘வாக்’ இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. மேலேயும் சேராது, கீழேயும் சேராது. அந்த ஆள் அன்று அந்த முறை மட்டை பிடிக்கவே வரவில்லை என்பது போல எழுதிவிடுகிறார்கள்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பின்னால் கிரிக்கெட்தான் இருக்கிறது என்றால் உங்கள் வாசகர்கள் சிரிப்பார்கள். பேஸ்பால் புள்ளிவிவரங்களுக்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்து, பிறகு பேஸ்பால் பக்கம் திரும்பியவர். வைடு பந்துக்குக் கிடைக்கும் ரன்னை நாம் பேட்ஸ்மேன் கணக்கில் எழுதுவதில்லை அல்லவா, எக்ஸ்ட்ராஸில்தானே சேர்க்கிறோம்? அவரும் அதே கண்ணோடுதான் வாக்கைப் பார்த்தார். அது பிட்சரின் தப்பு, பேட்டருக்கு அதில் என்ன பெருமை என்று விட்டுவிட்டார். நடுவில் 1887-இல் மட்டும் ஒரே ஒரு வருஷம் வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள், அந்த வருஷம் டிப் ஓ’நீல் என்பவரின் சராசரி .492 என்று பதிவானது, அடுத்த வருஷமே விதியைத் தூக்கிவிட்டார்கள், இன்றைய பதிவேடுகளில் அவருக்கு .435 என்றுதான் இருக்கிறது. அதற்கப்புறம் வாக்குக்கு மரியாதை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வாக்கையும் சேர்த்து எத்தனை சதவீதத் தடவை பேஸ் சேர்ந்தார் என்று சொல்லும் ஆன்-பேஸ் சதவீதத்தை, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் அதிகாரபூர்வக் கணக்காக ஏற்றுக்கொண்டதே 1984-இல்தான்.

வாக் என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். பேஸ்பாலில் ஓவர் கிடையாது, பந்துக்குக் கணக்குக் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக 27 அவுட். அது தீராதவரை விடியவிடிய ஆடலாம். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் நாற்பது பந்து ஆடி எட்டு ரன்னோடு நிற்பவர் அணிக்குப் பாரம், ஏனென்றால் அங்கே பந்துக்கும் பஞ்சம். பேஸ்பாலில் அவுட்டுக்கு மட்டும்தான் பஞ்சம், அதனால் அவுட் ஆகாமல் முதல் பேஸ் போய்ச் சேர்ந்த எவரும் பாரம் கிடையாது. அந்தத் திறமையை ஒரு சதவீதம்கூட எண்ணாத ஒரு கணக்கை வைத்து ‘சிறந்த ஹிட்டர்’ பட்டியல் போட்டால் எப்படி?

உதாரணத்துக்கு 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு சராசரியில் முதலிடம் லூயிஸ் அராயஸ், .316. ஆரன் ஜட்ஜ் .311. உங்கள் முறைப்படி அராயஸ் மேலே, ஜட்ஜ் கீழே. ஆனால் அராயஸ் அடித்த ஹோம் ரன் 8, ஜட்ஜ் அடித்தது 62, லீகின் சாதனை. ஆன்-பேஸ் சதவீதம் அராயஸுக்கு .375, ஜட்ஜுக்கு .425. எத்தனை பேஸ் அடித்துச் சேர்த்தார் என்பதைச் சொல்லும் ஸ்லக்கிங் கணக்கில் .420-க்கு எதிராக .686. அராயஸைக் குறைத்துச் சொல்லவில்லை, மட்டையில் பந்தைத் தொடுவதில் அவரைப்போல இன்று ஆள் குறைவு, பார்க்கவே அழகு. ஆனாலும் இந்த இரண்டு பேரில் யார் பெரிய ஹிட்டர் என்று பேஸ்பால் பார்க்கிற பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது சராசரிக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. உங்கள் கட்டுரையில் ஆண்டனி சாண்டாண்டர் பெயரைப் போட்டு, 2024-இல் ஓரியோல்ஸுக்கு ஆடியபோது சராசரி வெறும் .235 என்று எழுதியிருந்தீர்கள். வெறும் என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு மொத்த மேஜர் லீகின் சராசரியே .243. அதாவது அவர் ஊரோடு ஒத்துத்தான் இருந்தார், கூடவே 44 ஹோம் ரன் அடித்தார். இதற்காக அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. அவருடைய ஆன்-பேஸ் .308, லீகின் சராசரி .312, அந்த வகையில் ஒரு படி கீழேதான். ஹோம் ரன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்குவதும் சராசரியை மட்டும் பார்த்து ஒதுக்குவதும் ஒரே தவறு.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1930-இல் இன்னொரு பிரிவான நேஷனல் லீக் முழுக்கவே .303 அடித்தது, எல்லா அணியும், எல்லா ஆளும் சேர்த்து. 1968-இல் அமெரிக்கன் லீகில் சராசரியில் முதலிடம் வந்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடித்தது .301. முன்னது பேட்டர்களின் பொற்காலம், பின்னது பிட்சர்களின் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியம் பொறுக்காமல்தான் மறுவருஷம் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்கு இறக்கினார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 1930-இன் நடுத்தர ஆட்டக்காரர் யஸ்ட்ரெம்ஸ்கியைவிட மேல் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

மைதானமும் அப்படித்தான். டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லியது, அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும், பிட்சர் போடும் வளைவுப் பந்து குறைவாக வளையும். ஓரியோல்ஸின் சொந்த மைதானமான எங்கள் கேம்டன் யார்ட்ஸில் 2022-இல் இடதுபக்கச் சுவரை இருபத்தாறு அடிக்கும் மேல் பின்னால் தள்ளி உயரத்தையும் ஏற்றினார்கள். வலதுகை ஹிட்டர்கள் அடித்த நல்ல நல்ல பந்தெல்லாம் சுவரடியில் கேட்சாகி விழுந்ததைப் பார்த்து நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். 2025-இல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப முன்னால் கொண்டுவந்தார்கள். ஒரே ஆள், ஒரே அடி, சுவர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு வருஷம் ஹோம் ரன், இன்னொரு வருஷம் அவுட். இதையெல்லாம் சரிசெய்து, 100 என்பதை லீகின் நடுமட்டமாக வைத்துக் கொடுக்கும் ஓபிஎஸ்-பிளஸ் (ஆன்-பேஸும் ஸ்லக்கிங்கும் சேர்ந்தது) போன்ற கணக்குகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 130 என்றால் நடுமட்டத்தைவிட நன்றாக மேலே, 80 என்றால் கஷ்டம். பத்திரிகையில் போட இதைவிட எளிமை என்ன வேண்டும்?

டெட் வில்லியம்ஸ் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. 1941-இல் கடைசி நாள் காலையில் அவர் சராசரி .39955, முழுமையாக்கினால் .400 ஆகிவிடும், வெளியே உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி எட்டுக்கு ஆறு ஹிட் அடித்து .406-இல் முடித்தார். அதற்கப்புறம் அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் யாரும் .400 தொடவில்லை. அது சரி. ஆனால் அவருடைய இன்னொரு எண்ணையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்: வாழ்நாள் ஆன்-பேஸ் .482, வரலாற்றிலேயே அதிகம். ஏறக்குறைய பாதி முறை அவரை அவுட்டாக்க முடியவில்லை. அடிக்கத் தகுந்த பந்து வரும்வரை காத்திருப்பதுதான் ஹிட்டரின் முதல் வேலை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர், அவரை வாக் இல்லாத கணக்கில் வைத்துப் புகழ்வது அவருக்கே பிடித்திருக்காது. பேரி பாண்ட்ஸ் 2004-இல் 232 வாக் வாங்கினார், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை, ஆன்-பேஸ் .609. (ஊக்கமருந்து விவகாரம் தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை.) இன்னொன்று, நீங்கள் வாழ்நாள் சராசரி சாதனையாளர் டை காப் என்று போட்டிருக்கிறீர்கள். 2024 மே மாதத்தில், கறுப்பின ஆட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் தனியாக ஆடிய நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் பதிவேட்டில் சேர்த்தபிறகு அந்த இடம் ஜாஷ் கிப்ஸனுடையது, .372. நிறத்தைக் காட்டி மேஜர் லீகில் சேர்க்காமலே வைத்திருந்த ஆட்டக்காரர் ஒருவர் பட்டியலின் உச்சிக்கு வந்திருக்கிறார், அதை விட்டுவிட்டுப் பழைய பெயரை அச்சடிப்பது நியாயமில்லை. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

ஒருவர் அடித்ததால் எத்தனை ரன் வந்தது என்று எண்ணும் ஆர்பிஐ பற்றி ஒரே வரி. முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றால்தான் அது ஏறும், அதனால் அது பாதி அடுத்தவன் சம்பாத்தியம்.

சரி, எண்ணே வேண்டாம், கண்ணால் பார்த்து ஹிட்டரை எடைபோட முடியாதா? முடியும், அதற்குத்தான் மைதானத்துக்குப் போகவேண்டும் என்கிறேன். டிவி கேமரா பிட்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே கோணத்தைக் காட்டும். மைதானத்தில் பேட்டர் நிற்கும் ஹோம் ப்ளேட்டுக்குப் பின்னால், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தாலும், பந்து உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியும். முதல் பேஸ் பக்கமோ மூன்றாம் பேஸ் பக்கமோ உட்கார்ந்தால் அது தெரியாது, ஆனால் பந்தின் உயரமும் வேகமும் தெரியும். நான் முதலில் பார்ப்பது, பேட்டர் எந்தப் பந்தை விடுகிறார் என்பதைத்தான். இரண்டு ஸ்ட்ரைக் (சுழற்றித் தவறவிட்ட, அல்லது அடிக்கத் தகுந்தும் விட்டுவிட்ட பந்து, மூன்று விழுந்தால் அவுட்) விழுந்தபிறகு மண்ணைத் தொடும் பந்துக்கு மட்டையைச் சுழற்றுகிறாரா, அல்லது தாமதித்துப் பின்பக்கம் தட்டிவிட்டு இன்னொரு பந்து கேட்கிறாரா? மூன்று ‘பால்’ (தவறான இடத்தில் போட்ட பந்து), ஒரு ஸ்ட்ரைக் என்ற நிலையில், பிட்சர் நேர்ப் பந்து போட்டே ஆகவேண்டிய கட்டாயத்தில், அதை எதிர்பார்த்து முழுமூச்சாகச் சுழற்றுகிறாரா? அடித்த பந்து கேட்ச் ஆனாலும் மட்டையில் பட்ட சத்தம் எப்படி இருந்தது? 2015-இலிருந்து எல்லா மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவி அடித்த பந்தின் வேகத்தை அளக்கிறது, மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ போனால் ‘பலமான அடி’ என்று கணக்கு. பல மைதானங்களில் ஸ்கோர்போர்டிலேயே போடுகிறார்கள். நாலு முறை பலமாக அடித்து நாலும் நேராக ஃபீல்டர் கைக்குப் போன நாளில் சராசரி அவரைப் பூஜ்யம் என்று சொல்லும், நீங்கள் நம்பாதீர்கள். 2026-இலிருந்து இன்னொரு சுவாரசியம் சேர்ந்திருக்கிறது. அம்பயர் ஸ்ட்ரைக் என்று சொன்னதை ஏற்காத பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டி முறையீடு செய்யலாம், கருவி தீர்ப்புச் சொல்லும். அணிக்கு ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு, ஜெயித்தால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். யாருக்கு ஸ்ட்ரைக் எல்லை மனப்பாடம், யார் குருட்டாம்போக்கு என்பது இப்போது நாற்பதாயிரம் பேர் முன்னால் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

அங்கேதான் உங்கள் இரண்டாவது விஷயம், செலவு.

நீங்கள் போட்ட தொகை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. டீம் மார்க்கெட்டிங் ரிப்போர்ட் என்ற நிறுவனம் ‘ஃபேன் காஸ்ட் இண்டெக்ஸ்’ என்று ஒரு கணக்கு வெளியிடுகிறது, நாலு பேர் குடும்பச் செலவு என்று எல்லாப் பத்திரிகையும் எடுத்துப் போடுவது அதைத்தான். அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? சராசரி விலையில் நாலு டிக்கெட், நாலு ஹாட் டாக், நாலு குளிர்பானம், இரண்டு பீர், பார்க்கிங், அப்புறம் இரண்டு தொப்பி. ஆமாம், தொப்பி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு தொப்பி வாங்கும் குடும்பத்தின் வீட்டில் தலையைவிடத் தொப்பிதான் அதிகமாக இருக்கும். எந்த ஊரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கு உதவும், அதில் தப்பில்லை. ஆனால் ஆட்டம் பார்க்க இதுதான் குறைந்தபட்சச் செலவு என்று அதைப் படிப்பது வேறு. சராசரி டிக்கெட் விலை என்பதற்குள் பிட்சரின் வியர்வை தெரியும் முன்வரிசையும் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்க விளையாட்டுகளிலேயே சாதாரண ஆள் போகக்கூடிய ஆட்டம் பேஸ்பால்தான் என்பேன், அதற்குக் காரணம் எண்ணிக்கை. கால்பந்து அணிக்கு, அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், லீக் ஆட்டங்கள் மொத்தமே 17. பேஸ்பால் அணிக்கு 162, அதில் பாதி, அதாவது 81, சொந்த ஊரில். ஏப்ரல் மாதக் குளிரில் செவ்வாய்க்கிழமை ராத்திரி நாற்பதாயிரம் இருக்கையை நிரப்புவது எந்த அணிக்கும் சுலபமில்லை. அந்த மாதிரி நாட்களில் எங்கள் ஊரில் மேல்தளத்து டிக்கெட் பெரும்பாலும் இருபது டாலருக்குள் கிடைத்துவிடும், அதே இருக்கைக்கு யாங்கீஸ் அணி சனிக்கிழமை வந்தால் விலை எங்கோ போய்விடும். இது தற்செயலும் இல்லை. 2009-இல் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஒரு பகுதி இருக்கைகளுக்கு நாளுக்கு நாள் மாறும் விலை வைத்துச் சோதித்துப் பார்த்தது, மறுவருஷம் மைதானம் முழுக்கக் கொண்டுவந்தது, பிறகு மற்ற அணிகளும் பிடித்துக்கொண்டன. நாள் பார்த்துப் போகத் தெரிந்தவனுக்கு அதுவே லாபம்.

பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஓரியோல்ஸ் 2018-இல் ஒரு திட்டம் தொடங்கியது: பெரியவர் ஒருவர் மேல்தளத்து டிக்கெட் வாங்கினால் ஒன்பது வயது வரையுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இலவசம். பாஸ்டனின் ஃபென்வே பார்க், டிக்கெட் விலைக்குப் பேர்போன இடம், அங்கேகூட மாணவர்களுக்கு ஒன்பது டாலர் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப் பல அணிகளிடமும் ஏதாவது ஒன்று இருக்கும், அணியின் சொந்த இணையதளத்தில் போய் அந்த ஆண்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பாடு? கேம்டன் யார்ட்ஸில் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். மூடி திறக்காத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம். கண்ணாடியும் மதுவும் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்திலும் செயின்ட் லூயிஸ் புஷ் ஸ்டேடியத்திலும்கூட வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி உண்டு. பை அளவுக்கும் வகைக்கும் மட்டும் கட்டுப்பாடு, அது மைதானத்துக்கு மைதானம் மாறும். வாசலுக்கு வெளியே தெருவில் விற்கும் வேர்க்கடலையும் உள்ளே விற்கும் வேர்க்கடலையும் ஒரே வேர்க்கடலைதான், விலை மட்டும் வேறு. ஒரு டாலர் ஹாட் டாக் ராத்திரிகளும் சில ஊர்களில் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. ஃபிலடெல்ஃபியாவில் 2023-இல் ரசிகர்கள் ஹாட் டாக்கை ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடியதில், மறுவருஷம் அந்த அணி அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டது. பார்க்கிங்குக்கு எங்கள் ஊரில் வழி எளிது, லைட் ரயில் மைதான வாசலிலேயே நிற்கிறது. ஆக டிக்கெட், ரயில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன சாப்பாடு. தொப்பி ஏற்கெனவே தலையில் இருக்கிறது.

ஒரு நியாயமான புகாரும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மறுவிற்பனைச் செயலி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு டாலர் என்று காட்டிய டிக்கெட், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் சேவைக் கட்டணம் அது இது என்று ஏறி ஏறி, கிட்டத்தட்ட இன்னொரு பாதி விலை சேர்ந்து நின்றது. 2025 மே மாதத்திலிருந்து மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி மொத்த விலையை முதலிலேயே காட்டியாகவேண்டும். கட்டணம் ஒழியவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. மைதானத்துக்குப் போய் டிக்கெட் கவுன்டரில் வாங்கினால் இந்தக் கட்டணங்களில் பெரும்பகுதி இருக்காது. லீக் ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் ப்ளேஆஃப் ஆட்டங்களுக்கு மலிவான வழி என்று என்னிடம் எதுவும் இல்லை, அதற்கு டிவிதான்.

இதுவும் முடியாது என்பவர்களுக்கு மைனர் லீக் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. 2021-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் தலைக்கு நான்கு வீதம் 120 துணை அணிகள். சின்ன ஊர்கள், சின்ன மைதானங்கள், பார்க்கிங் பல இடங்களில் இலவசம் அல்லது சொற்பம். கேம்டன் யார்ட்ஸில் மேல்தளத்துக்குக் கொடுக்கும் காசுக்கு இங்கே ஹோம் ப்ளேட்டுக்குப் பின்னால் நாலாவது வரிசையில் உட்காரலாம், பிட்சர் விடும் பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் காதில் அறையும். ஹிட்டரை எடைபோடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் இங்கே யாருக்கும் பெயர் இல்லை, பெயரைப் பார்த்து நம் கண் ஏமாறாது. 2022 வசந்தத்தில் கன்னர் ஹெண்டர்சன் மேரிலாந்தின் பௌவி ஊரில், மைனர் லீகின் டபுள்-ஏ என்ற படிநிலை அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தார், இருபது வயது. அங்கே அவருக்கு ஸ்ட்ரைக்அவுட்டைவிட (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவது) வாக் அதிகம். அந்த வயதில், அவ்வளவு பலமாக அடிக்கிற ஒருவர், அடிக்கக்கூடாத பந்தை விட்டுவிடவும் தெரிந்து வைத்திருந்தால் மேலே சொல்ல எதுவும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் மேஜர் லீகுக்கு வந்தார், முதல் ஹிட்டே ஹோம் ரன். 2023-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், வாக்களித்த அத்தனை பேரும் ஒரே பெயரைத்தான் எழுதினார்கள். காயத்திலிருந்து தேறிவரும் பெரிய நட்சத்திரங்களையும் சில நாட்களுக்கு இந்தச் சின்ன மைதானங்களில்தான் ஆடவிடுவார்கள், அன்றைக்கு அதே மலிவு டிக்கெட்டில் மேஜர் லீக் ஹிட்டரைக் கைநீட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

நேரம் ஒரு தடை என்று சிலர் சொல்வார்கள், அதுவும் பழைய புகார் ஆகிவிட்டது. 2023-இல் பிட்சர் இத்தனை நொடிக்குள் பந்து போடவேண்டும் என்று கடிகாரம் வைத்தபிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஏறக்குறைய இருபத்துநான்கு நிமிஷம் குறைந்து இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூட நாளிலும் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், தூக்கம் கெடாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த முறை ஹிட்டர் பட்டியல் போடும்போது சராசரிக்குப் பக்கத்தில் ஆன்-பேஸ், ஸ்லக்கிங் என்று இரண்டு எண் வரிசை சேருங்கள், இடம் போதாது என்றால் சராசரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுங்கள், யாரும் அழமாட்டார்கள். செலவு பற்றி எழுதும்போது எந்த நாள், எந்த இருக்கை, எதையெல்லாம் சேர்த்த தொகை என்று ஒரு வரியாவது கொடுங்கள். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள், கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ‘பேஸ்பாலா, வேண்டாம்ப்பா, காசைக் கரியாக்காதே’ என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மகனிடம் சொல்லிவிட்டார். அவர் ஐம்பது வருஷமாக கிரிக்கெட் பார்க்கிறவர், அவரை வரும் புதன்கிழமை பகல் ஆட்டத்துக்கு நானே கூட்டிப்போவதாக இருக்கிறேன். ஜாஷ் கிப்ஸன் திருத்தத்தை அதற்குள் போட்டுவிட்டால் அவரிடம் பத்திரிகையைக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓரியோல்ஸ் ரசிகரான உங்கள் வாசகர்,
மேரிலாந்து